இடிவாயன் பாட்டுக்கு இருபத்தாறு ஆணி

அன்புள்ள தம்பிக்கு,

என் மாப்பிள்ளை என் பட்டறையிலேயே நின்று, பல் டாக்டர் முன்னால், என் கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டார். நடந்த அநியாயம் இதுதான். மற்றபடி எல்லோரும் நலம். உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விஷயம் அந்த ராப் பாடகரைப் பற்றியது. பட்டறையில் அவருக்கு இடிவாயன் என்று பெயர். பதினாறு வருஷத்துக்கு முன் மாப்பிள்ளை என்னிடம் வேலைக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்த சொத்து அவர் பாட்டுகள்தான். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு பார்த்தால் அந்த வாய் ஓடிய ஓட்டத்துக்கு என் சுத்தியலும் ஓடியது. மாப்பிள்ளை துணியை இழுத்துப் பிடிப்பார், நான் அடிப்பேன். ஒரு பாட்டு முடிவதற்குள் சோபாவில் ஒரு பக்கம், நாற்பது ஆணி. சோபா வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பழைய நாற்காலிகளைப் பிரித்துப் பிரித்து நானே கற்றது. பாட்டை எடைபோடவும் அப்படித்தான் கற்றேன்.

இப்போது புதுப் பாட்டுகள் வந்திருக்கின்றன. அதே நீளம்தான், இருபத்தாறு ஆணிக்கு மேல் இறங்கவில்லை. மூன்று நாள் எண்ணினேன். ஆளுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு, பேர் வந்ததும் நாக்கு தடிச்சுப்போச்சு என்றேன். இதில் என்ன தப்பு? மாப்பிள்ளையோ, முன்பு வெறும் வேகம், இப்போதுதான் பாட்டில் விஷயமே இருக்கிறது என்றார். விஷயம் இருந்தால் ஆணி ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். நோயாளிகள் உட்காரும் நீள சோபாவை மேல்துணி மாற்றக் கொடுத்திருந்த பல் டாக்டர், தானும் மாப்பிள்ளை கட்சி என்றார். உங்களுக்கு வாயைப் பார்க்கிற வேலை, கேட்கிற வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை பிடித்திருந்த துணியை மெதுவாக விட்டார்.

"அவர் ஒண்ணும் குறையல மாமா. உங்க கைதான் குறைஞ்சிருக்கு."

"அப்ப குறையாத கையைத் தேடிப் போங்க மாப்ள."

சொன்னது நான்தான், மறுக்கவில்லை. அவரும் போய்விட்டார். இன்றோடு நாலு நாள். பெரிய மரச்சாமான் கடையில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் அங்கே சேர்ந்தால் நான் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான், ஒருவர் இழுக்க ஒருவர் அடிக்கிற வேலை இது. தனியாகத் துணியைப் பல்லால் கடித்து இழுத்தேன். ஆடிப்போன அந்தப் பல்லோடு அதே டாக்டரிடமே போய் உட்கார்ந்தேன். மகள் போனில், சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அலுத்துவிட்டது தம்பி. ஆனாலும் நான் பின்வாங்குகிற ஆள் இல்லை. இடிவாயன் இறங்கிவிட்டார் என்று மாப்பிள்ளை தன் வாயால் சொல்லட்டும், மற்றதை மறந்துவிடுகிறேன்.

வீட்டில் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் என் பிடிவாதம் இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இடிவாயனின் முதல் பாட்டையே போட்டு, பழைய பலகையில் அடித்துப் பார்த்தேன். இருபத்தைந்து. இன்னொரு தடவை அடித்தேன், இருபத்துநாலு.

ஆகவே மேலே உள்ளதை விட்டுவிடு. நீ ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு, நீயாகப் போவது போல் போ. கடிதத்தைக் காட்டாதே. என் கட்டைவிரல் மரத்துப்போவதை உன் அண்ணி யாரிடமும் சொல்லக் கூடாது. பல் டாக்டர் தன் சோபாவுக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இனி அடிப்பது மாப்பிள்ளை, இழுத்துப் பிடிப்பது நான். இடிவாயன் செய்ய வேண்டியது எதுவுமில்லை. திங்கட்கிழமை மாப்பிள்ளை எப்போதும் வருகிற நேரத்துக்குப் பட்டறைக்கு வந்துவிட வேண்டும்.