லிஃப்ட் அக்காவும் தினம் ஒரு சொல்லும்

உலகத்தில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ஐந்தாறு வரிக்குள் அதை லிஃப்டுக்குள் தள்ளிவிடக்கூடிய ஒரே கவிஞர் எங்கள் லிஃப்ட் அக்காதான். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஏழு மாதம் தினமும் காலையில் அவருக்குச் சொல்லை எடுத்துக் கொடுத்த பாவி நான்.

கவிதை ஆசை பிடித்த நாற்பது பேர் ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறோம். நான் அட்மின். காலை ஏழு மணிக்கு ஒரு சொல் போடுவேன். அதை வைத்து, சொந்த அனுபவத்திலிருந்து, ஆறு வரிக்குள் எழுத வேண்டும். மற்றவர்கள் மதியம், சாயங்காலம் என்று நிதானமாக உருகுவார்கள். அக்காவுடையது மட்டும் எட்டு மணிக்குள் வந்து விழுந்துவிடும்.

அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய பிளாட்டின் ஒன்பதாவது மாடியில் ரவிக்கை தைக்கிறவர். அங்கிருந்த ஒரே லிஃப்ட் படுத்துக்கொண்ட வாரம்தான் குழுவில் சேர்ந்தார். அன்றைய சொல் "நிலா". அக்கா அனுப்பியது:

நிலவே,
நீயும் ஒன்பதாவது மாடியா?
மெதுவாக ஏறி வா.
லிஃப்ட் ஓடவில்லை.

குழுவே சிரித்தது. மறுநாள் "காதல்".

எனக்காக மலையேறுவேன் என்றார்,
கட்டிக்கொண்டேன்.
இப்போது ஒன்பதே மாடி.
நாலாவதில் உட்கார்ந்து
தண்ணீர் கேட்கிறார்.

அதற்கும் சிரித்தோம். ஆனால் "ரோஜா"வும் லிஃப்டில் போய் முடிந்து, "அலை"யும் முடிந்து, "தாய்மொழி"யும் முடிந்தபோது, கிள்ளானில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பொங்கிவிட்டார். அவரை நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். "இது கவிதையா, கம்ப்ளேன் லெட்டரா?" என்று கேட்டார்.

அக்காவிடமிருந்து பதில் குரல் பதிவாக வந்தது. பாதி மூச்சு, பாதி பேச்சு. "சார்... சொந்த அனுபவத்த எழுதணும்னுதான சொன்னீங்க. என் அனுபவம்... லிஃப்ட்தான் லா. இருங்க, இன்னும் மூணு மாடி இருக்கு."

ரவிக்கை தைக்க வருகிறவர்கள் ஒன்பது மாடி ஏற மறுத்தார்கள். அதற்கும் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். "நீங்க நாலு ஏறுங்க. நான் அஞ்சு இறங்கறேன். நியாயம்தானே?" நாலாவது மாடிப் படிக்கட்டில் வைத்து அளவெடுப்பார். ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் எடுத்த அளவென்பதால், பல ரவிக்கைகள் ஒரு சுற்றுப் பெரிதாகவே அமைந்தன.

அக்காவை லிஃப்டிலிருந்து வெளியே இழுக்க நானும் படாத பாடுபட்டேன். எப்படியும் சிக்காது என்று நம்பி ஒரு நாள் "மௌனம்" கொடுத்தேன். ஏழே முக்காலுக்கு வந்தது:

மௌனம் என்பது
பட்டனை அமுக்கிய பின்
வரும் சத்தம்.



இதற்கிடையே அக்கா தன் கவிதைகளை எல்லாம் அந்த லிஃப்ட் கதவிலேயே ஒட்ட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்டி மொழிபெயர்த்துக் கொடுக்க, அதுவும் பக்கத்தில் ஏறியது. பிளாட் நிர்வாக அலுவலகத்துப் பையன் ஓடி வந்து, "காக், போராங் இசி லா! பாந்துன் தாக் பாயா!" என்று கெஞ்சினான். அக்கா, பாரம் எனப்படும் புகார்ப் படிவத்தைப் பூர்த்தி செய்தால் போதும், பாட்டெல்லாம் வேண்டாம் என்று அர்த்தம். "பாரம் பதினோரு தடவ குடுத்தாச்சு. பாட்டுதான் பாக்கி," என்றார் அக்கா.

அவன் கிழிக்கக் கிழிக்க இவர் ஒட்டினார். பிறகு மற்ற வீட்டுக்காரர்களும் எழுதி ஒட்ட ஆரம்பித்தார்கள். சாயங்காலமானால் கதவுக்கு முன்னால் கூட்டம் நின்று படித்துச் சிரித்தது. யாரோ படமெடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட, பத்தே நாளில் ஆட்கள் வந்து லிஃப்டைச் சரி செய்தார்கள்.

அக்கா பட்டுப்புடவை கட்டி, கதவுக்குக் குங்குமம் வைத்து, பக்கத்தில் நின்று எடுத்த படத்தைக் குழுவில் போட்டார். நாற்பது பேரும் கைதட்டினோம்.

அதோடு அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"மழை" போட்டேன், வரவில்லை. "கடிதம்", வரவில்லை. பத்து நாள் ஆனதும் சார் எனக்குப் போன் செய்தார். "அந்தம்மா ஏன் எழுதல? நேரா போய்ப் பாத்துட்டு வந்திரலாம்."

"நீங்கதான சார் கம்ப்ளேன் லெட்டர்னு சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக நிறுத்திடணுமா?"

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்துவிட்டார், நானும் கூடப் போனேன். அக்கா கீழேயே காத்திருந்தார், புதுக் கார் வாங்கியவர் மாதிரி. "வாங்க சார். பட்டன நீங்களே அமுக்குங்க." சார் அமுக்கினார். ஒரு நிமிஷத்தில் ஒன்பதாவது மாடி. அக்கா மைலோ கலக்கிக் கொடுத்தார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். "அவரா? லிஃப்ட் வந்ததுலேருந்து வீடு தங்கறதில்ல. ஒரு நாளைக்கு நாலு தடவ சும்மா இறங்கி ஏறி வர்றாரு."

"நீங்க ஏன்மா எழுதல?" என்றார் சார்.

அக்கா தையல் மெஷினைப் பார்த்தபடி சொன்னார்: "வர மாட்டேங்குது சார். காலையில காய்கறி வாங்க பாசாருக்குப் போயிட்டுப் படி ஏறுறப்பதான் யோசிப்பேன். மூணாவது மாடியில முதல் வரி வரும். ஆறாவதுல அடுத்தது. வாசல்ல செருப்பக் கழட்டறப்ப முடிஞ்சிரும். இப்ப கதவு மூடுது, தெறக்குது. அதுக்குள்ள என்னத்த யோசிக்க?"

"அப்ப படியில ஏறுங்களேன்."

"என்னா சார் நீங்க! ஏழு மாசம் சண்டை போட்டு வாங்கின லிஃப்ட்!"

சார் கொஞ்ச நேரம் மைலோவை ஊதினார். பிறகு சந்தையில் கீரை கேட்பது போலக் கேட்டார். "ரெண்டு மாடி மட்டும்?"

அக்கா யோசித்தார். "சரி, ரெண்டு. அதுக்கு மேல கேக்காதீங்க."

மறுநாள் நான் "வீடு" என்று போட்டேன். ஏழு ஐம்பதுக்கு வந்தது, ஏறிய மாடிக்கு ஒன்றாக இரண்டே வரி.

வீடு தேடி ஆட்கள் வந்தார்கள்.
ஊசியைக் கீழே வைத்தேன்.

முதல் ஆளாகக் கைதட்டியவர் சார்தான். அதற்குப் பிறகு அக்கா இரண்டு வரிக்கு மேல் எழுதியதே இல்லை. நானும் காலையில் சொல்லைப் போட்டுவிட்டு, அந்த இரண்டு வரி வந்து சேரும்வரை குளிக்கக்கூடப் போவதில்லை.