மாமனார் கையெழுத்து செல்லாது

கம்ப்யூட்டர் அரைகுறையாகத் தெரிந்தவனை நம்பி ஓர் ஆபீஸை ஒப்படைக்கவே கூடாது. என்னை நம்பி ஒப்படைத்தார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்தில் காட்டி வெளியே எடுத்துக்கொடுக்கும் தூத்துக்குடி ஆபீஸ் ஒன்றில் இருந்தேன். மாமனார் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருந்தார். 'இந்தக் கன்டெய்னரை விடலாம்' என்று அவர் மெயில் போட்டால்தான் எங்கள் லாரி நகரும்.

அன்று காலை, முதல்முறையாக டிஜிட்டல் கையெழுத்தோடு அவர் மெயில் வந்தது. திறந்தால் மேலே சிவப்புப் பட்டை: 'கையெழுத்து செல்லாது. இந்த மெயில் வழியில் மாற்றப்பட்டிருக்கலாம்.'

எனக்குப் புல்லரித்துவிட்டது. (பயத்தில் இல்லை, பெருமையில். மோசடிக்காரனைப் பிடித்துவிட்டேனே!)

"அண்ணாச்சி, லாரிய நிறுத்துங்க. இது எங்க மாமா அனுப்புனது இல்ல."

முதலாளி பதறினார். "ஏலே, உள்ள இருக்கது ஆப்பிளுல்லா, அழுவிரும்! அவருக்கே போன் போட்டுக் கேளு."

கேட்டேன். "நாந்தான் அனுப்புனேன், மருமவனே" என்றது மாமனார் குரல். மிமிக்ரி யார்தான் பண்ணவில்லை?

"நீங்க மாமாதான்னா, உங்க மக முழுப்பேரச் சொல்லுங்க பாப்போம்."

போன் கட்டானது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, பதில் தெரியாம வச்சிட்டான்" என்றேன். அதோடு விட்டேனா? ஊரிலுள்ள ஏஜென்சிகளுக்கெல்லாம் மாமனார் பெயரைப் போட்டு, 'இந்தப் பெயரில் ஒரு போலி ஆசாமி மெயில் அனுப்புகிறான், ஜாக்கிரதை' என்று தட்டிவிட்டேன்.

அரைமணி நேரத்தில் போலி ஆசாமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி, அடையாள அட்டையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மெயிலைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தார்.

"இந்தக் கடைசி வரிய நான் எழுதலியே?"

'எச்சரிக்கை: இது வெளியிலிருந்து வந்த மெயில்.'

வருகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அந்த வரி தானாக ஒட்டிக்கொள்ளும்படி போன வாரம் ஏற்பாடு செய்தவன் நான்தான். கையெழுத்திட்ட மெயிலில் ஓர் எழுத்து கூடினாலும் கையெழுத்து செல்லாமல் போகும். வழியில் மாற்றிய அந்த மோசடிக்காரன் சாட்சாத் நானே.

அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, மறுபடி அனுப்பச் சொன்னேன். மாமனார் அங்கேயே நின்று, தன் ஆபீஸுக்குப் போன் போட்டு அனுப்பவைத்தார். பச்சை டிக் விழுந்தது. லாரி கிளம்பியது.

"நான் போலாமா மருமவனே, இல்ல, இன்னும் ஏதும் கேள்வி இருக்கா?" என்றார். சிரிக்கவே இல்லை.

பிறகு ஏஜென்சிகளுக்கு இரண்டாவது மெயில் போட்டேன்: 'மேற்படி ஆசாமி என் மாமனாரே. வருந்துகிறேன்.'

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மனைவி கதவைத் திறக்காமலே கேட்டாள்: "எங்கப்பா போலியாமே?"

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. போன வாரம் ரேங்க் கார்டைத் தூக்கிக்கொண்டு தாத்தா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"ஏளா, அப்பா நான் இங்கனதான இருக்கேன்? கையெழுத்த நான் போடுதேன், கொண்டா."

"டீச்சர்தான் தாத்தாகிட்ட வாங்கிட்டு வரச் சொன்னாங்க. சொல்லிட்டு ஒரே சிரிப்பு."

விசாரித்தேன். டீச்சரின் வீட்டுக்காரர் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாராம். என்னுடைய இரண்டு மெயிலையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.