மேலாளர் மெஷினைக் காணோம்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் யாரையும் நம்பக் கூடாது என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். என்னை நான் நம்பலாமா என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது சின்னசேலம் பக்கம் ஒரு மாட்டுத் தீவன ஆலையில் இருந்தேன். எலவனாசூர்கோட்டையில் எனக்கு ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் ஸ்டெல்லா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உத்தியோகத்தில் இருக்கும் பையன் என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே தகுதி. வேலை போனால் பெண்ணும் போய்விடும்.

ஆலையில் மூன்று சர்வர் பெட்டிகள். அவற்றுக்குள் எடைமேடை, பில், சம்பளம் என்று ஏகப்பட்ட மெஷின்கள். கையால் தொட முடியாது. மென்பொருளாகவே உள்ளே ஓடுபவை. ஒரு பெட்டி படுத்தால் அதிலிருந்தவை அடுத்த பெட்டியில் தானாக எழுந்துகொள்ளும்படி நானே அமைத்திருந்தேன். எல்லாவற்றையும் மேய்க்க ஒரு மேலாளர் மெஷின். சிக்கனம் பார்த்து அதையும் அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே குடிவைத்தேன். (அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது.)

ஒரு நாள் காலை மேலாளர் திறக்கவில்லை. அது இருந்த முதல் பெட்டிக்குள் நேராக நுழைந்து தேடினேன். நின்றுபோயிருந்தாலாவது புரியும். ஆளே இல்லை. மற்றப் பெட்டிகளில் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. எந்த மெஷின் எங்கே என்று மேலாளரிடம் கேட்டே பழகியவன். மேலாளர் எங்கே என்றும் அதனிடமே கேட்க வேண்டியிருந்தது.

எடைமேடைக்கு ஓடினேன். மக்காச்சோள லாரிகள் ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் சரியாக நடந்தது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

செக்யூரிட்டி கோவிந்தண்ணன் காதருகே வந்தார். "தம்பி, காலையிலேர்ந்து ஒரு ஆளு உன்னப் பத்தியே விசாரிச்சிக்கினு கீறாரு. எப்ப வர, எப்ப போற, அந்த ரூமு சாவி உங்கிட்டத்தானான்னு."

போதாதா எனக்கு? வெள்ளை வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக நின்ற அந்தப் பெரியவரை சர்வர் அறைக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினேன். வெளியே கோவிந்தண்ணன் தடியோடு காவல்.

"என் மெஷின எங்க கொண்டு போனீங்க?"

"எந்த மெஷினு தம்பி?"

"எல்லா மெஷினையும் பாத்துக்கிற மெஷினு."

"எம்மாம் பெருசு இருக்கும்?"

"பெருசு சிறுசெல்லாம் கெடையாது. அது உள்ள இருந்துச்சு."

"எதுக்குள்ள?"

"அது பாத்துக்கிற பெட்டிக்குள்ளயே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கிட்டே வந்து முகர்ந்தார். "தம்பிக்குத் தண்ணி போடுற பழக்கம் உண்டுங்களா?"

திருடன் என்னை விசாரிக்கிறான்! போலீசுக்குப் போன் போடக் கை போனபோது திரையில் மேலாளர் திறந்துகொண்டது. மூன்றாவது பெட்டியில் இருந்தது. முதல் பெட்டி சூடு தாங்காமல் அணைந்து, மறுபடி எழுந்திருக்கிறது. அதற்குள் அதிலிருந்தவை எல்லாம் தானாக இடம் மாறிவிட்டன. மேலாளரும் மாறியிருக்கிறது, முழுதாக எழுந்திருக்கத்தான் அதற்கு நேரம் பிடித்திருக்கிறது. நான் அமைத்தது பிசகாமல் வேலை செய்த ஒரே நாளில் அதைத் திருட்டு என்று நினைத்துவிட்டேன்.

"கெடச்சிடுச்சிங்க," என்றேன். "நீங்க யாரு?"

"ஸ்டெல்லாவோட தாய்மாமன். மாப்ள எப்படின்னு விசாரிக்க வந்தன்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. டீ சொன்னேன். வேண்டாம் என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். எல்லாம் முடிந்தது என்று அன்று நான் மனமுடைந்து போனேன்.

ஆனால் பெண் வீட்டில் அவர் சொன்னது வேறு. "குடி கெடையாது. ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி. ஆனா அவரு பாத்தாலும் பாக்காட்டியும் ஆலை ஓடிக்கினுதான் கீது. வேலை எங்கயும் போவாது, பொண்ணக் குடுக்கலாம்."

கொடுத்தார்கள். இன்று எங்கள் வீட்டில் கேஸ், பால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எதுவும் என்னைக் கேட்டு நடப்பதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். போன மாதம் நண்பர்களோடு கல்வராயன் மலைக்குக் கிளம்பும்போது, நான் இல்லாமல் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று உண்மையான கவலையோடு கேட்டேன்.

"நீங்க இல்லன்னாலும் ஓடும்னு விசாரிச்சிட்டுத்தான எங்க மாமா கட்டிக் குடுத்தாரு," என்றாள் ஸ்டெல்லா.