காற்றின் பெயருக்கு ஓர் ஏற்பு

இசைவூர் நாட்டு மன்னருக்கு ஒரு நாள் புத்தகங்கள் கனமானவை என்று தோன்றியது. உடனே பல்கலைக்கழக நூலகத்தைப் பூட்டச் சொல்லி, நூல்களையெல்லாம் மின்னூலகத்தில் ஏற்ற ஆணையிட்டார். இதற்காகவே ஏற்புத்துறை என்று ஒன்றை உண்டாக்கி, சம்மதராயரை அதற்கு அமைச்சராக்கினார்.

பேராசிரியை குமுதவல்லிக்கு வேண்டியது ஒரே ஒரு நூல்தான். கடலோரத்தார் காற்றுகளுக்கு இட்ட பெயர்களைத் திரட்டிய தடித்த நூல் அது. வாடை, கொண்டல், கச்சான் எல்லாம் அவளுக்குத் தெரியும். மழைக்குச் சற்று முன்னால் மீன் மணத்தோடு கரையேறும் அந்தச் சின்னக் காற்றின் பெயர்தான் மறந்துபோயிற்று. அவள் பிறந்த கரையை மன்னரின் துறைமுகம் விழுங்கிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் திசைக்கொருவராய்ச் சிதறிப் போனார்கள். பெயராவது மிஞ்சட்டும் என்று அவள் மனம் கிடந்து ஏங்கியது.

மின்னூலகத்தில் நூல் இருந்தது, அட்டையும் தெரிந்தது. உள்ளே போக, நிபந்தனைகளுக்கு அடியில் இருந்த 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மாணவர் ஓர் அடிக்குறிப்பைத் தவறவிட்டாலும் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் பேராசிரியர்கள், ஒரு நிபந்தனையையும் படிக்காமல் அழுத்தித் தள்ளினார்கள். அழுத்தியதும் அடுத்த நிபந்தனை வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடே கண்ணில் படவில்லை.

ஆய்வுக்கூட்டத்தில் சம்மதராயர் முழங்கினார்: "நமது ஆசிரியப் பெருமக்கள் மின்னூலகத்தை நூற்றுக்கு நூறு ஏற்றுள்ளனர்!"

"ஏத்துக்கிட்டோம் ஐயா. ஆனா ஒரு புத்தகமும் தொறக்க மாட்டேங்குதே," என்றாள் குமுதவல்லி.

"அம்மையீர், ஏற்பு வேறு, பயன்பாடு வேறு. அரசு அளப்பது ஏற்பை மட்டுமே. பயன்பாடு தங்கள் சொந்த விஷயம்."

மறுநாளே ஆணை வந்தது: குறை சொல்வோர் அந்தக் குறையையும் ஏற்றவராகவே கருதப்படுவர். அடுத்த ஆணைப்படி, தினமும் 'ஏற்கிறேன்' அழுத்தாதவருக்கு வகுப்பு கிடையாது.

பக்கத்து அறைப் பேராசிரியர் பரிதி ஆறுதல் சொன்னார். "விடுங்க மேடம், மன்னர் பதவிக்குத் தேர்தல் வருதுல்ல? அதுல காட்டுவோம்."

"அதுக்குத்தான் சார் காத்துக்கிட்டு இருக்கேன். எங்க கரைய முழுங்குனவருக்கு என் ஓட்டு கெடையாது."

தேர்தலுக்கு முந்திய மாலை, திரையில் 'இறுதி ஏற்பு' என்று வந்தது. கீழே நிபந்தனை நீளமாக ஓடியது. இறுதி என்ற சொல்லைத் தாண்டி அவள் கண் போகவில்லை. அழுத்தினாள். நூல் திறந்தது.

பக்கம் பக்கமாகத் தேடினாள். கிடைத்தது. "ஈரவாயன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். இன்னொரு தரம் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகு அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அப்போது பரிதி வேகமாக உள்ளே வந்தார். "மேடம், நாளைக்குத் தேர்தல் இல்லையாம். மன்னரே நீடிக்கலாம்னு எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களாம்."

"யாரு ஏத்துக்கிட்டது? நான் இல்லையே!"

"கடைசி நிபந்தனையப் படிச்சீங்களா?"

பரிதி திரையைப் பார்த்தார்.

"உங்க புத்தகம் தொறந்துருச்சா?"

ஆம் என்று தலையசைத்தாள்.

"எனக்கும் தொறந்துருச்சு," என்றார் பரிதி, தலையைக் குனிந்துகொண்டு.