மாப்பிள்ளையில் கீறல் இருப்பதாக நான் எழுதவில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படிக்கவும். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்று இங்கே நாங்கள் மூவரும் விரும்புகிறோம். அதில் என் மகள் என்னோடு பேசுவதில்லை. "இந்தச் சம்பந்தம் ரத்து" என்று தாங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்த நாளிலிருந்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். கடந்த மூன்று வாரமாக என் எண்ணிலிருந்து தங்களுக்கு வந்த எதையும் நான் எழுதவில்லை. இதைச் சொல்லத்தான் கடிதம்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன் பிழைப்பு தங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து கடை சாத்தும்வரை யாருடைய மூக்கிலாவது என் கை இருக்கும். போனை எடுத்துப் பதில் போட எங்கே நேரம்? "சம்பந்தி வீட்டுக்குப் பதில் போடாம இருந்தா அவங்க என்ன நெனைப்பாங்க?" என்று மனைவி தினமும் பிடுங்கியெடுத்ததால், வருகிற செய்திக்கெல்லாம் எனக்குப் பதிலாகத் தானே எழுதி அனுப்பிவிடுகிற ஒரு சேவையைப் போனிலேயே வாங்கினேன். "உங்கள் குணமறிந்து, உங்கள் நடையிலேயே, உறவினருக்கு மரியாதையான பதில்" என்று விளம்பரம். நடை தெரிவதற்கு நான் எழுதியது ஏதாவது வேண்டும் என்று கேட்டது. நான் வாழ்நாளில் எழுதியதெல்லாம் லென்ஸ் கம்பெனிக்குப் போட்ட புகார்க் கடிதங்கள்தான். பன்னிரண்டு வருடக் கடிதங்களும் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தன, அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். இது என் தவறுதான், மறைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்தது என் தவறில்லை. கோட்டுப் போட்டுப் பார்த்த மாப்பிள்ளையின் படத்தைத் தாங்கள் ஆசையாக அனுப்பினீர்கள். "சரக்கு கிடைத்தது. இடது ஓரத்தில் கீறல் உள்ளது. ஏழு நாளில் மாற்றித் தராவிட்டால் திருப்பி அனுப்பப்படும்" என்று பதில் போயிருக்கிறது. மாப்பிள்ளையின் புருவத் தழும்பை நான் முதல் நாளே பார்த்தேன், எனக்கு அது பிடித்தும் இருந்தது. அவர் உயரத்தைச் சொன்னீர்களாம், அதற்கு "அளவு ஆர்டரின்படி இல்லை" என்றிருக்கிறது.

தங்கள் பக்கத்திலிருந்து வந்ததும் லேசுப்பட்டதல்ல. "பெண் வீட்டார் ஒன்பது மணிக்குள் ஆஜராக வேண்டும், தாமதமாக வருவோர் வாசலில் நிறுத்தப்படுவர், மணப்பெண் நகம் வெட்டியிருக்க வேண்டும்" என்றெல்லாம் வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்பதற்காக இப்படியா என்று எனக்கும் ரத்தம் கொதித்தது. நிறுவனத்துக்குப் போன் செய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தாங்களும் அதே சேவையை வாங்கி, நடை தெரிவதற்குப் பள்ளிச் சுற்றறிக்கைகளைக் கொடுத்திருக்கிறீர்கள். போனில் பேசிய பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"கோளாறு எதுவுமே இல்லை சார். ரெண்டு பக்கமும் பேச்சு ரொம்ப நல்லாப் போயிருக்கு. ஒன்னுக்கொன்னு அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கு."

"என் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சும்மா."

"எங்ககிட்ட வரன் தேடித் தர்ற சேவையும் இருக்கு சார். உங்களுக்குத் தள்ளுபடி உண்டு."

விடுவேனா? நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பழுதான பொருளை மேஜைமேல் வைக்கச் சொன்னார் குமாஸ்தா. போனை வைத்தேன். அவர் தன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பழுது போனில் இல்லை, அதற்குள் இருக்கிற பேச்சில் இருக்கிறது என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. புரிந்ததும் நல்ல மனிதராகிவிட்டார். கையில் பிடிக்க முடியாத சரக்கானாலும் சொன்னபடி வேலை செய்யாவிட்டால் நமக்கு உரிமை உண்டாம். "முதல்ல சரிபண்ணித் தரணும். முடியலேன்னா மாத்தித் தரணும். அதுவும் முடியலேன்னா பணத்தைத் திருப்பித் தரணும்" என்றார்.

"கல்யாணத்தை?"

"அதுக்குப் படிவம் இல்லீங்க."

ஆனால் பாதிப்பு நிரூபணமானால் நிறுவனமே எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதற்கு, புண்பட்டவர் கையெழுத்து வேண்டும். ஆகவே இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். நான் தங்களை எப்படியெல்லாம் அவமானப்படுத்தினேன் என்று தாராளமாக எழுதவும், இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம். தாங்கள் என்னை அவமானப்படுத்தியதை நானும் எழுதி வைத்திருக்கிறேன். என்னுடையதில் தாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள், தங்களுடையதில் நான் போடுகிறேன்.

படிவம் கிடக்கட்டும் சம்பந்தி. தங்கள் மகனோடு போனில் பேசும்போது என் மகள் சிரிக்கிற சிரிப்பு இந்தச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். மூன்று நாளாக அது இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு, எந்தக் குறையும் சொல்லாமல், என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
செய்திகளுக்குப் பொறுப்பில்லாத, பெண்ணுக்கு மட்டும் பொறுப்பான,
கண்ணாடிக் கடைக்காரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தாங்களே போன் செய்துவிட்டீர்கள். முதல் நான்கு நிமிடம் இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டு அழுததைக் கேட்டு என் மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பிறகு, கல்யாணப் படத்தில் யார் நடுவில் நிற்பது என்ற பேச்சு வந்தது. அதில் தாங்கள் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் எந்த நிறுவனத்தின் மேலும் பழி போட முடியாது. பதினோராவது நிமிடத்தில் தாங்கள் போனை வைத்தீர்கள், அவள் மறுபடி கதவைச் சாத்தினாள். "அதுங்க ரெண்டும் பேசினப்போ மூணு வாரம் தாங்குச்சுப்பா, நீங்க ரெண்டு பேரும் பேசினா கால் மணி நேரம்கூடத் தாங்கலை" என்று உள்ளேயிருந்து சொன்னாள். ஆகவே புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். படிவத்தைக் கிழித்துப் போடவும். சேவையை மறுபடி போட்டுவிட்டேன், தாங்களும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். என்னுடையது தங்களுடையதற்கு ஏற்கெனவே எழுதிவிட்டது. தயவுசெய்து அதைப் படிக்க வேண்டாம்.