ரிவர்ஸ் அண்ணனும் என் கண்ணும்

கண்டியில் அடுத்தவர் கண்ணை இத்தனை உற்றுப் பார்த்தும் அடி வாங்காமல் தப்பிய ஒரே மனிதர் எங்கள் ரிவர்ஸ் அண்ணன்தான். மடுல்கெல்லக்காரர். அம்பிட்டிய போர்டிங்கில் என் அறைத்தோழர், என்னைப் போலவே அரசாங்கக் கிளார்க்.

வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது, நிற்கும் இடத்தில்தான் எழுத்தைப் பிடிக்கிறது என்று எங்கோ படித்திருந்தார். அன்றிலிருந்து யார் பேப்பரை விரித்தாலும் எதிரே போய்க் குந்திவிடுவார். கண் படித்த இடத்துக்கே திரும்பினால் போதும், "ரிவர்ஸ் எடுக்காதீங்க!" என்று கத்துவார். பெயர் வந்தது அப்படித்தான்.

ஒருநாள் பிலிமத்தலாவை பஸ்ஸில் ஒரு அக்கா புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பார்த்தது பார்த்தபடி இருந்தார்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. ஒரு வரிக்கு ஒம்போது எடத்துல நிக்கிறீங்க. இந்த பஸ்ஸே அவ்வளவு எடத்துல நிக்காது."

நல்லவேளை, அக்கா சிரித்துவிட்டார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கிளார்க் வேலை நிரந்தரமாக எழுத வேண்டிய தடைதாண்டல் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தேன். இரண்டு முறையும் வினாத்தாளைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றாம் முறையும் தவறினால் வேலை நிரந்தரமாகாது. நிரந்தரமாகாதவனுக்குப் பெண் கிடையாது என்று வருங்கால மாமனார் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"கதவப் பூட்டினோமான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாக்குற ஆள் மாதிரி தம்பி ஒங்க கண்ணு," என்றார் அண்ணன். கலண்டர் அட்டையை வெட்டி, நான் படிக்கப் படிக்க மேல் வரிகளை மூடிக்கொண்டே வந்தார். ஒரு மாதம் இதே பாடு. "வெளங்காட்டியும் பரவால்ல, முன்னால போங்க!"

அண்ணனுக்கும் அதே பரீட்சை பாக்கி இருந்தது, இருவரும் சேர்ந்தே எழுதினோம். முதன்முறையாக நான் நேரத்துக்கு முடித்தேன். வெளியே அண்ணன், "எட்டுக் கேள்விக்கும் எழுதிட்டேன் தம்பி!" என்றார் பெருமையாக. எட்டுக்கும் நாலு நாலு வரி. ஐந்துக்கு மட்டும் விடையளிக்கச் சொன்ன வரியை அவர் கண் தாவிக் கடந்திருந்தது.

சித்தியடைந்தோர் பட்டியல் போனில் வந்த அன்று எனக்குப் பார்க்கப் பயம். போனை அவரிடமே கொடுத்தேன். அவர் கண் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது.

"அண்ணே, ரிவர்ஸ் எடுக்குறீங்க!"

"சும்மா இருங்க. ஒங்க பேருதானான்னு நாலு தரம் பாத்தேன். பாஸ் தம்பி!"

என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு வடை வாங்கக் கீழே ஓடினார். நான் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். அவர் பெயர் அதில் இல்லை.

படியிலிருந்து அவர் குரல் கேட்டது. என் மாமனாருக்குப் போன் போட்டிருந்தார். "நம்ம தம்பி பாஸாயிட்டாருங்க. நாள் பாருங்க," என்றார்.