நைனாவின் தூளிக்கு லாரி டியூப் மாட்டினேன்

ஓரளவு ஒழுங்காக வேலை செய்கிற பொருளை அப்படியே விட்டுவைக்க எனக்குத் தெரியாது. கார் உதிரிபாக ஆலையில் பதினோரு வருடம் இருந்ததில் பிடித்த வியாதி. அந்த வியாதியால் என் அப்பாவை ஒருமுறை உயிரோடு சாகடித்திருக்கிறேன்.

அந்த மார்கழியில் நைனாவுக்கு (அப்பா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை) நுரையீரல் பாதி போயிருந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்தால் மூச்சு முட்டியது. டிராக்டர் ஷெட்டின் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு துணித் தூளி கட்டினேன். அதில் வளைந்து படுத்தால் கொஞ்சம் தேவலை.

“மேல போத்திக்கினு கீறேன். முதுகுதான் ஜில்லுனு கீது” என்றார்.

தூளிக்கு அடியில் தொங்கவிட வெள்ளை நிறத்தில் ஒரு பஞ்சு மெத்தை ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. மெத்தைக்கும் தூளிக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளி மட்டும் என் கண்ணை உறுத்தியது. (நைனா புகார் சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இல்லை.) மெத்தையோடு வந்த மெல்லிய எலாஸ்டிக் கயிறுகளைக் கழற்றிவிட்டு, பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி, பட்டை பட்டையாக அறுத்து இழுத்துக் கட்டினேன்.

“ரொம்ப இறுக்கிட்டியோ?”

“கரெக்ட் டென்ஷன், நைனா.”

காலை மாத்திரையில் அவர் தூங்கியதும் கழனிக்குப் போனேன். லோடு ஏற்றும் வண்டிக்கான ரப்பர் அது. எலும்பும் தோலுமான மனிதருக்கு எப்படி இளகும்? மெத்தை மேலே எழும்பி, இரண்டு ஓரமும் அவர் மார்பையும் முகத்தையும் சுருண்டு மூடிக்கொண்டன. நெற்றி மட்டும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து நைனாவின் தங்கை, என் அத்தை, திருப்புலிவனத்திலிருந்து வந்தார்.

“என்ன வுட்டுட்டுப் பூட்டியே அண்ணா” என்ற குரல் கழனிவரை கேட்டது. ஓடிவந்தேன். நான் கட்டிய மெத்தை, நான் அறுத்த ரப்பர். விலக்கிப் பார்க்கத் தோன்றியதா? இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அத்தையைவிடச் சத்தமாக அழுதேன். ஊர் கூடிவிட்டது. யாரோ ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டு, அதுவும் வந்து நின்றது.

அப்போது மூட்டை பேசியது. “அயுவறத அப்பால அயுவுங்க. மொதல்ல இத்த அவுத்து வுடுங்க.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அரிவாளால் ரப்பரை அறுத்தேன். அறுந்த முனை நேராக என் வாய்க்கு வந்தது. முன்பல் ஒன்று போனது. நைனா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க அரைமணி நேரம் ஆனது. ஐஸ் பெட்டிக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, “அப்ப எடுத்துக்கினு போவட்டுமா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது விடிந்தும் தூங்கினால், “ரப்பரக் கயட்டிப் பாரு” என்பார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன்.

பங்குனியில் நைனா நிஜமாகவே போனார். அத்தைக்குப் போன் செய்தேன். அத்தை அழவில்லை.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் அத்தை.”

“இன்னொரு வாட்டி போய்ப் பாரு. லைன்லயே கீறேன்.”

போனைக் கையில் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன்.